வீடியோ ஏன் மங்குது, ஏன் நிக்குது? ஸ்ட்ரீமிங் தரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ ஸ்ட்ரீமிங் சம்பந்தப்பட்ட வேலை என்று தெரிந்தால் போதும், எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அடித்து அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி இருப்பதால் மேலிருந்து படிப்பது நல்லது.

வீடியோ போட்டவுடனே மங்கலா வருது, கொஞ்ச நேரத்துல தானா தெளிவாயிடுது. என் நெட்ல பிரச்சினையா?

இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். பிளேயருக்கு உங்கள் நெட் எவ்வளவு வேகம் என்று ஆரம்பத்தில் தெரியாது. அதனால் கனம் குறைந்த பிரதியில் தொடங்கி, அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, தாங்கும் என்று தெரிந்ததும் மேலே ஏறுகிறது. முதலிலேயே உயர்ந்த தரத்தைக் கேட்டால் படம் வர ஐந்தாறு விநாடி வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், அதற்குள் பாதிப் பேர் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். சில செயலிகள் போன முறை கிடைத்த வேகத்தை நினைவில் வைத்து நடுத்தரத்தில் தொடங்கும்.

அப்போ ஒரே வீடியோவுக்கு பல காப்பி வெச்சிருக்காங்களா?

ஆமாம். ஒரு படத்தை ஏற்றும்போதே 240, 360, 480, 720, 1080 என்று பல அளவுகளில், பல பிட்ரேட்டில் மாற்றி வைத்துவிடுவார்கள். பிட்ரேட் என்றால் ஒரு விநாடி வீடியோவுக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பது. ஒவ்வொரு பிரதியையும் இரண்டிலிருந்து பத்து விநாடி வரையிலான சின்னத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் கோப்பும் தயார் செய்வார்கள். பிளேயர் முதலில் இறக்குவது அந்தப் பட்டியலைத்தான். அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் ‘இதை எந்தப் பிரதியிலிருந்து எடுப்பது’ என்று முடிவு செய்துகொண்டே போகும். எல்லாப் பிரதியும் ஒரே நேரப்புள்ளியில் வெட்டப்பட்டிருப்பதால் நடுவில் மாறினாலும் காட்சி அறுபடாது.

இதற்கு இன்று இரண்டு முறைகள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. ஒன்று 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த ஹெச்எல்எஸ். மற்றது 2012-ல் சர்வதேசத் தரநிலையாக வந்த டாஷ். இரண்டும் துண்டுகளைச் சாதாரண வெப் பக்கம் போலவே அனுப்புவதால் தனி சர்வர் தேவையில்லை, சிடிஎன் சர்வர்களில், அதாவது பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்தே கொடுப்பதற்காக உலகம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கும் சர்வர்களில் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். இந்த முறை பரவியதற்கு முக்கியக் காரணமே இந்தச் சௌகரியம்தான் என்பேன்.

எந்தத் தரம்னு முடிவு பண்றது யாரு? சர்வரா?

பெரும்பாலும் இல்லை, உங்கள் கையில் இருக்கும் பிளேயர். சர்வர் கேட்டதைக் கொடுக்கும், அவ்வளவுதான். இது நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கிறது, ஆனால் இது புரிந்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துண்டு 4 விநாடி, பிட்ரேட் 5 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 5 மெகாபிட். அப்படியானால் ஒரு துண்டின் எடை 20 மெகாபிட், அதாவது 2.5 எம்பி (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்). உங்கள் லைன் 20 எம்பிபிஎஸ் என்றால் ஒரு விநாடியில் இறங்கிவிடும். 4 விநாடி ஓடக்கூடிய படம் ஒரு விநாடியில் கைக்கு வந்தால் மீதி 3 விநாடி சேமிப்பு. இதைத்தான் பஃபர் என்கிறோம். லைன் திடீரென 3 எம்பிபிஎஸ்ஸுக்கு விழுந்தால் அதே துண்டு இறங்க 6.7 விநாடி ஆகும், ஒவ்வொரு துண்டுக்கும் சேமிப்பில் 2.7 விநாடி கரையும். கையில் 20 விநாடி பஃபர் இருந்தால் ஏழு துண்டு வரை தாக்குப்பிடிக்கும், எட்டாவதில் படம் நின்றுவிடும். அதற்கு முன்பே பிளேயர் கீழ்ப் படிக்கு இறங்கிவிட வேண்டும். எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது என்பதுதான் இதில் முழு வித்தையும்.

வேகத்தை மட்டும் நம்பினால் அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதனால் பஃபரில் எவ்வளவு இருக்கிறது என்பதையே முக்கிய அளவுகோலாக வைக்கலாம் என்று 2014-ல் ஸ்டான்ஃபோர்டும் நெட்ஃப்ளிக்ஸும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தரம் பெரிதாகக் குறையாமலே படம் நிற்பது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது என்பது அதன் முடிவு. இப்போதைய பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்தே பார்க்கின்றன.

ஸ்பீடு டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ் காட்டுது. ஆனாலும் வீடியோ 480-லயே நிக்குது, எப்படி?

ஸ்பீடு டெஸ்ட் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரோடு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில விநாடிகள் முழுமூச்சாக இழுத்துப் பார்க்கும். வீடியோ வருவது வேறு சர்வரிலிருந்து, வேறு வழியில், சின்னச் சின்னத் துண்டாக. ஒவ்வொரு துண்டையும் கேட்டு, முதல் பைட் வரும்வரை காத்திருக்கும் நேரமும் இதில் சேரும். நடுவழியில், அதாவது உங்கள் இணைய நிறுவனமும் வீடியோ சேவையும் சந்திக்கும் இடத்தில் மாலை நேர நெரிசல் இருந்தால் ஸ்பீடு டெஸ்டில் அது தெரியவே தெரியாது.

அதற்கும் முன்னால் வைஃபையைப் பாருங்கள். ரூட்டர் பக்கத்தில் நின்று டெஸ்ட் எடுத்துவிட்டு இரண்டு சுவர் தள்ளிப் படுத்துக்கொண்டு படம் பார்ப்பவர்கள்தான் என்னிடம் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள்.

ஒரு மணி நேரம் பார்த்தா எவ்வளவு டேட்டா போகும்?

பிட்ரேட் தெரிந்தால் நீங்களே கணக்குப் போடலாம்: 1 எம்பிபிஎஸ்ஸுக்கு மணிக்கு 450 எம்பி. 800 கேபிபிஎஸ் (0.8 எம்பிபிஎஸ்) என்றால் 360 எம்பி, 2.5 எம்பிபிஎஸ் என்றால் 1.1 ஜிபி சொச்சம், 5 என்றால் 2.25 ஜிபி, 15 என்றால் 6.75 ஜிபி. வெறும் ஒலி 128 கேபிபிஎஸ்ஸில் மணிக்கு 58 எம்பிதான், அதனால் பேச்சை மட்டும் கேட்க வேண்டும் என்றால் படத்தை அணைக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

‘1080-க்கு எவ்வளவு’ என்று கேட்டால் மட்டும் ஒற்றைப் பதில் கிடையாது. ஏன் என்று அடுத்த கேள்வியில்.

ரெண்டு ஆப்லயும் 1080பிதான், ஆனா ஒண்ணு பளிச்சுனு இருக்கு, இன்னொண்ணு கட்டம் கட்டமா உடையுது. ஏன்?

1080 என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே: 1920 பெருக்கல் 1080, கிட்டத்தட்ட 20.7 லட்சம். அந்தப் புள்ளிகளை வரைய எத்தனை பிட் கொடுத்தார்கள் என்பதை அது சொல்லாது. 2 எம்பிபிஎஸ்ஸில் நெருக்கிய 1080-ஐவிட 3 எம்பிபிஎஸ்ஸில் நிதானமாகச் செய்த 720 கண்ணுக்கு நன்றாகத் தெரிய வாய்ப்பு உண்டு. மழை, புகை, கூட்டம், ஓடும் கேமரா எல்லாம் பிட்டைத் தின்னும். ஒருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு அவ்வளவு தேவையில்லை.

எல்லாப் படத்துக்கும் ஒரே படிக்கட்டு, அதாவது ஒரே அளவு-பிட்ரேட் வரிசை என்பது வீண் என்று உணர்ந்து, 2015 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனிப் படிக்கட்டு போடும் முறையை அறிவித்தது. எளிய கார்ட்டூனுக்குக் குறைந்த பிட்ரேட்டிலேயே 1080 கொடுத்துவிடலாம், சண்டைக் காட்சிகள் நிறைந்த படத்துக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு வேண்டியிருக்கும். ஆகவே தரப் பட்டியலில் தெரியும் எண்ணை அவ்வளவு நம்பாதீர்கள்.

அதே அக்கவுண்ட், அதே வைஃபை. டிவியில 4கே வருது, லேப்டாப்ல 720-க்கு மேல ஏற மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?

ஏமாற்று இல்லை, ஆனால் வெளிப்படையாகச் சொல்வதும் இல்லை. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்.

முதலாவது டிஆர்எம், அதாவது திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்காமல் தடுக்கும் பூட்டு. கூகுளின் வைட்வைன் பூட்டில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சாதனத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நடக்கும். எல்3-ல் மென்பொருள் மட்டுமே. எல்3 சாதனங்களுக்கு உயர்தரம் கொடுக்கப் பட உரிமையாளர்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. கணினி பிரவுசர்கள் பலவும் சில மலிவான போன்களும் இந்த வகையில்தான் விழுகின்றன. வெளியே மானிட்டர் மாட்டியிருந்தால் கேபிளில் போகும் படத்தைப் பிரதி எடுக்காமல் காக்கும் ஹெச்டிசிபி என்ற இன்னொரு சோதனையும் இருக்கிறது, 4கே-க்கு வழக்கமாக அதன் 2.2 பதிப்பு தேவை. இடையில் ஒரு பழைய அடாப்டர் இருந்தால்கூடத் தரம் இறங்கிவிடும்.

இரண்டாவது கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கும் முறை. 2003-ல் வந்த ஹெச்.264 எல்லாச் சாதனத்திலும் ஓடும். பிறகு வந்த ஹெச்இவிசி, விபி9, ஏவி1 போன்றவை குறைந்த பிட்டில் அதே தரம் தருபவை, ஆனால் எல்லாச் சாதனத்துக்கும் தெரியாது. யூடியூப் 4கே-ஐ விபி9, ஏவி1 முறைகளில்தான் தருகிறது. ஆப்பிளின் சஃபாரி பிரவுசருக்கு விபி9 தெரியாததால், 2020-ல் அது சேர்க்கப்படும் வரை விலை உயர்ந்த மேக் கணினிகளில்கூட சஃபாரியில் யூடியூப் 4கே வரவில்லை. நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பாருங்கள்.

நெட் நல்லா இருக்கு, வட்டமும் சுத்தல. ஆனா படம் வெட்டி வெட்டிப் போகுது, போனும் சூடாகுது.

படம் நின்று வட்டம் சுற்றினால் துண்டு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஒலி ஒழுங்காகப் போய், படம் மட்டும் இழுத்தால் துண்டு வந்துவிட்டது, சாதனத்தால் அதை வேகமாக விரிக்க முடியவில்லை. போன பதிலில் சொன்ன கோடெக்குகளை விரிக்கப் போனில் தனிச் சில்லு இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் பிரதானச் செயலியே மென்பொருளால் முக்கி முக்கிச் செய்யும், அதனால்தான் சூடு, அதனால்தான் பேட்டரியும் இறங்குகிறது. ஐபோன்களில் ஏவி1-க்கான தனிச் சில்லு 2023-ல் 15 ப்ரோவில்தான் வந்தது.

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். நல்ல பிளேயர் காட்ட முடியாமல் கைவிடப்பட்ட ஃப்ரேம்களையும் எண்ணி, நெட் நன்றாக இருந்தாலும் ஒரு படி இறங்கிக்கொள்ளும். உங்களுடையது இறங்கவில்லை என்றால் நீங்களே தரத்தைக் குறைத்துவிடுங்கள். 60 ஃப்ரேம் வீடியோ என்றால் 720-லேயே 30 ஃப்ரேம் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

போன்ல 480-க்கும் 1080-க்கும் எனக்கு வித்தியாசமே தெரியல. கண்ணுல கோளாறா?

கண் நன்றாகத்தான் இருக்கிறது. சின்னத் திரையைக் கைநீளத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நுணுக்கம் பெரும்பாலோருக்குத் தெரியாது. பல பிளேயர்கள் திரையின் அளவைப் பார்த்துத் தாங்களே உச்சவரம்பு போட்டுக்கொள்வதும் இதனால்தான். பிரவுசரில் வீடியோ ஒரு மூலையில் சின்னதாக ஓடும்போது குறைந்த தரத்தில் வந்து, முழுத்திரைக்கு மாற்றியதும் ஏறும். எழுத்துகள் நிறைந்த வீடியோ என்றால் மட்டும் கதை வேறு. 480-ல் முகம் தெரியும், எக்செல் ஷீட் தெரியாது.

லைவ் மேட்ச் பார்க்கும்போது பக்கத்து வீட்டுல கத்துனதுக்கு அப்புறம்தான் நமக்கு விக்கெட் விழுது. ஏன் இவ்வளவு லேட்?

துண்டுதான் காரணம். 6 விநாடித் துண்டு என்றால் 6 விநாடி நடந்து முடிந்த பிறகுதான் அதை மூடி அனுப்ப முடியும். பிளேயர் பாதுகாப்புக்காக மூன்று துண்டாவது பின்தங்கி ஓடும். ஆக 18 விநாடி, அதோடு சுருக்க, கடத்த ஆகும் நேரம். ஹெச்எல்எஸ்ஸில் முன்பு 10 விநாடித் துண்டு வழக்கமாக இருந்தபோது அரை நிமிடத்துக்கு மேல் போனதும் உண்டு. 2019-ல் ஆப்பிள் அறிவித்த குறைதாமத ஹெச்எல்எஸ், துண்டையும் சிறு பகுதிகளாக உடைத்து உடனுக்குடன் அனுப்புகிறது, சில விநாடிகளுக்குக் குறைக்க முடியும்.

ஆனால் தாமதத்தைக் குறைத்தால் பஃபரும் குறையும். மூன்றாவது பதிலில் 20 விநாடி சேமிப்பு இருந்ததால்தான் ஏழு துண்டு தாக்குப்பிடித்தது. 3 விநாடிதான் சேமிப்பு என்றால் சிக்னல் ஒரு முறை தடுக்கினாலே படம் நிற்கும். சிக்னல் சுமாரான இடத்தில் பார்ப்பவர் பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

வீடியோ கால்ல மட்டும் எப்படி லேட் ஆகாம வருது?

அங்கே துண்டு கிடையாது, பஃபரும் ஒரு விநாடியில் சின்னப் பின்னம்தான். வழியில் தொலைந்த பாக்கெட்டுக்காக (நெட்டில் போகும் சின்னத் தரவுப் பொட்டலம்) காத்திருக்காமல் விட்டுவிட்டு மேலே போய்விடும். அதனால்தான் காலில் முகம் கலைந்து கலைந்து வந்தாலும் பேச்சு தொடர்கிறது. தரத்தை மாற்றுவதும் வேறு மாதிரி: அனுப்புபவரின் சாதனமே நெட்டைப் பார்த்து உடனுக்குடன் பிட்ரேட்டைக் குறைக்கும். குழுவாகப் பேசும்போது அனுப்புபவர் இரண்டு மூன்று அளவுகளை ஒரே நேரத்தில் அனுப்புவார், நடுவிலிருக்கும் சர்வர் யாருக்கு எது தாங்கும் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். அந்த இடத்தில் முடிவெடுப்பது சர்வர்தான், முன்னே நான் ‘பெரும்பாலும்’ என்று சொன்னது இதற்காகத்தான்.

ஒரே வீட்ல ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு பேருக்கும் தரம் மேலேயும் கீழேயும் ஆடிக்கிட்டே இருக்கே?

இதுதான் இருக்கிற கேள்விகளிலேயே சுவாரசியமானது. பஃபர் நிரம்பிய பிளேயர் தொடர்ந்து இறக்காது. ஒரு துண்டை இறக்கும், கொஞ்சம் ஓய்வெடுக்கும், அடுத்ததை இறக்கும். முதல் ஆள் ஓய்வில் இருக்கும் நேரத்தில் இரண்டாவது ஆளின் பிளேயர் தன் துண்டை இறக்கினால் முழு லைனும் தனக்கே என்று நினைத்துவிடும். உடனே மேல் படிக்கு ஏறும். கனமான துண்டு இறங்க நேரம் பிடிக்கும், அதற்குள் முதல் ஆள் விழித்துக்கொள்வார். இப்போது இருவரும் மோத, இருவருக்கும் வேகம் குறைவாகத் தெரிய, இருவரும் இறங்குவார்கள். மறுபடியும் இடம் காலியாகும், மறுபடியும் ஏறுவார்கள். யார் மேலும் தப்பில்லை, ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாததுதான் சிக்கல்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது: போனில் பார்ப்பவர் ஆட்டோவை விட்டுவிட்டு 480 என்று நிலையாக வைத்துக்கொள்ளட்டும். அவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, டிவி நிம்மதியாக ஓடும்.

கம்பெனிக்காரங்களே வேணும்னு தரத்தைக் குறைப்பாங்களா?

குறைத்திருக்கிறார்கள், சொல்லிவிட்டே. 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டில் முடங்கியபோது ஐரோப்பிய ஆணையர் தியரி பிரெத்தோன் கேட்டுக்கொண்டதால், நெட்ஃப்ளிக்ஸ் ஐரோப்பாவில் 30 நாட்களுக்கு பிட்ரேட்டைக் குறைப்பதாக அறிவித்தது. தன் போக்குவரத்து சுமார் 25 சதவீதம் குறையும் என்றது. யூடியூப் இயல்புத் தரத்தைச் சாதாரண நிலைக்கு இறக்கியது. மொபைல் நிறுவனங்களும் இதைச் செய்வதுண்டு: 2015 நவம்பரில் அமெரிக்காவின் டி-மொபைல், பின்ஜ் ஆன் திட்டத்தில் வீடியோவை 480-க்குள் அடக்கி, சேர்ந்த சேவைகளுக்கு டேட்டா கணக்கு இல்லை என்றது. பிளேயரிடம் எதுவும் சொல்லவே வேண்டாம். வீடியோ போகும் பாதையை 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு நெருக்கினால் போதும், அது தானாகவே கீழ்ப் படிக்குப் போய்விடும்.

என் வீடியோவுக்கு என்ன ஆகுதுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கணினியில் யூடியூப் வீடியோ மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறங்கள். பிளேயரின் திரை அளவு, ஓடும் தரம், கோடெக், கைவிட்ட ஃப்ரேம்கள், இணைப்பின் வேகம், பஃபரில் எத்தனை விநாடி என்று எல்லாம் கருப்புப் பெட்டியில் ஓடும். பஃபர் 20, 30 விநாடி என்று இருந்தும் தரம் குறைவு என்றால் திரை அளவோ, கோடெக்கோ, நீங்களே எப்போதோ போட்ட டேட்டா சேவரோ காரணம். பஃபர் பூஜ்யத்தை நோக்கி வழுக்கினால் நெட். ஃப்ரேம் கைவிடப்படும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சாதனம். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன் இதை ஒரு முறை பார்த்துவிடுவது உங்களுக்கும் நல்லது, எடுத்துப் பேசுபவருக்கும் நல்லது.

நாங்க சின்னதா பாடம் சொல்லித்தர்ற வீடியோ தளம் நடத்துறோம். எத்தனை தரம் வைக்கணும்?

நான்கு போதும், ஆறுக்கு மேல் போனால் சேமிப்புச் செலவுதான். பக்கத்துப் படிகளின் பிட்ரேட் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வித்தியாசத்தில் இருக்கட்டும். அதைவிட நெருக்கமானால் மாறியும் பயன் தெரியாது, விலகினால் மாறுவது கண்ணை உறுத்தும். ஹெச்.264 கட்டாயம் ஒன்று இருக்க வேண்டும், புதிய கோடெக் அதற்கு மேல் கூடுதலாக. எல்லாப் பிரதியிலும் முழு ஃப்ரேம் (மற்ற ஃப்ரேம்களை நம்பாமல் தனியாகவே விரிக்கக்கூடியது, துண்டு அங்கேதான் தொடங்க முடியும்) ஒரே இடத்தில், உதாரணமாக இரண்டு விநாடிக்கு ஒன்று என்று, விழும்படி என்கோடரில், அதாவது வீடியோவைச் சுருக்கும் மென்பொருளில் கட்டாயப்படுத்துங்கள். தானாக விழட்டும் என்று விட்டால் ஒவ்வொரு பிரதியும் வேறு வேறு இடத்தில் வெட்டுப்படும், இரண்டாவது பதிலில் சொன்ன ‘அறுபடாது’ என்பது போய்விடும்.

பாட வீடியோவுக்கு ஒரு தனி விஷயம். நெட் மோசமானால் வழக்கமான படிக்கட்டு 240-க்கு இறக்கும், கரும்பலகையில் இருப்பது படிக்க முடியாது. அதற்குப் பதில் கீழ்ப் படியில் ஃப்ரேம் வேகத்தைக் குறையுங்கள்: 720 அளவிலேயே விநாடிக்கு 8 அல்லது 10 ஃப்ரேம். ஸ்லைடு அசையாமல்தானே இருக்கிறது, மிகக் குறைந்த பிட்ரேட்டிலும் எழுத்து தெளிவாக நிற்கும். ஒலிக்கு மட்டும் கைவைக்காதீர்கள். படம் தடுமாறினால் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் அறுந்தால் எழுந்து போய்விடுவார்.

எங்க ஆபீஸ்ல சூப்பரா ஓடுது, பார்க்கிறவங்க மட்டும் நிக்குதுன்னு சொல்றாங்க. எப்படி சோதிக்கிறது?

ஆபீஸ் நெட்டில் சோதித்தால் எல்லாம் ஓடத்தான் செய்யும். குரோம் பிரவுசரின் டெவலப்பர் பகுதியில் வேகத்தை 1 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டிப்போட்டு ஓட விடுங்கள். அதைவிட முக்கியம், ஓடும்போதே 8-லிருந்து 1-க்கு இறக்கி, அரை நிமிடம் கழித்து மறுபடி ஏற்றிப் பார்ப்பது. நிலையான குறைந்த வேகத்தைப் பிளேயர்கள் சமாளித்துவிடும், திடீர் சரிவில்தான் விழுகின்றன. அப்புறம் மூன்று நான்கு வருடப் பழைய, நினைவகம் குறைந்த போன் ஒன்றை மேசையில் நிரந்தரமாக வைத்திருங்கள்.

உண்மையான பயனர்களிடமிருந்து மூன்று எண்கள் வாங்குங்கள்: படம் தொடங்க ஆன நேரம், பார்த்த நேரத்தில் எத்தனை சதவீதம் நின்றது, எத்தனை முறை தரம் மாறியது. சராசரியைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மோசமான 5 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்து, அவர்கள் எந்தச் சாதனம், எந்த நெட்வொர்க், எந்தக் கோடெக் என்று பாருங்கள். பல நேரம் அவர்கள் எல்லோரும் ஒரே போன் மாடலாக இருப்பார்கள், அந்த மாடலுக்கு மட்டும் புதிய கோடெக்கை நிறுத்திவைத்தால் புகார் நின்றுவிடும்.